ஒன்றரை மில்லிகிராமுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்? வைட்டமின் டி பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம்

"அண்ணே, கை கால் உளைச்சலுக்கு வாரம் ஒண்ணு குடிப்போமே, அந்தப் பொடி ரெண்டு குடுங்க." மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் மெடிக்கல்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 60,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் டி3 பொட்டலம். அதே மருந்து பக்கத்துக் கடையில் வேறு பெயரில் இரண்டு மடங்கு விலைக்கும், இணையக் கடையில் அழகான டப்பாவில் பத்து மடங்கு விலைக்கும் கிடைக்கும். பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெயரும் படமும்தான் இருக்கும். எது நல்லது, எது காசுக்குப் பிடித்த கேடு என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கிறது.

அந்த ஒரு கிராம் பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். குருணை குருணையாக ஒரு சின்னக் குவியல் விழும். அதில் வைட்டமின் டி எவ்வளவு? 40 ஐ.யு. என்பது 1 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் 60,000 ஐ.யு. என்பது 1,500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரே ஒரு பொடிக்கல் இரண்டு மில்லிகிராம் இருக்கும். ஒரு வாரத்து மருந்து அதைவிட எடை குறைவு. தட்டில் கிடக்கும் மற்றதெல்லாம் மருந்தைச் சுமக்கும் பொருள்.

அந்தச் சுமை வீண் அல்ல. ஒன்றரை மில்லிகிராமை யாரும் கையால் எடுத்து வாயில் போட முடியாது. தூய டி3 காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டும் போகும். அதனால் ஆலையிலேயே அதை எண்ணெயில் கரைத்து, ஜெலட்டின் அல்லது மாற்றிய ஸ்டார்ச், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் தடுக்கும் பி.எச்.டி. (BHT) போன்ற பொருள் இவற்றோடு சேர்த்து நுண்மணிகளாக உலர்த்துகிறார்கள். சந்தையில் கிடைக்கும் மூலப்பொடியில் பரவலானது கிராமுக்கு 1,00,000 ஐ.யு. கொண்டது. அதில் 600 மில்லிகிராம் எடுத்தால் 60,000 ஐ.யு. வந்துவிடும். மீதி 400 மில்லிகிராம் சர்க்கரை அல்லது மானிட்டால், மணம், பொடி கட்டியாகாமல் இருக்கச் சிலிக்கா. எந்தக் கம்பெனி பொட்டலமானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான். "சர்க்கரை நோயாளி இந்தப் பொடி குடிக்கலாமா?" என்று பலர் தயங்குகிறார்கள். வாரத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவான சர்க்கரைக்காக இந்த மருந்தை விட வேண்டியதில்லை.

எவ்வளவு தேவை, 60,000 எதற்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வெயில் போதாத நிலையில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யு. போதும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தாண்டக் கூடாத மேல்வரம்பு நாளைக்கு 4,000 ஐ.யு.

அப்படியானால் 60,000 எப்படி வந்தது? அது குறைபாட்டைச் சரிசெய்யும் அளவு. ரத்தத்தில் வைட்டமின் டி வெகுவாகக் குறைந்தவர்களுக்கு வாரம் ஒரு பொட்டலம் வீதம் எட்டு வாரம் கொடுப்பது நம் நாட்டு மருத்துவர்களின் வழக்கம். ஏழால் வகுத்தால் நாளைக்கு 8,571 ஐ.யு. எட்டு வாரத்தில் மொத்தம் 4,80,000 ஐ.யு., எடையில் 12 மில்லிகிராம். அதற்குப் பிறகு மாதம் ஒன்று என்று குறைத்துவிடுவார்கள். அது நாளைக்கு 2,000 ஐ.யு. வீதம் ஆகிறது.

தப்பு நடப்பது "வாரம் ஒண்ணு" என்ற இரண்டு சொல்லில்தான். சீட்டில் மருத்துவர் எழுதியதைக் கடையில் அவசரமாகச் சொல்லிவிட்டு அனுப்புகிறார்கள். வீட்டில் பெரியவர் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் குடிக்கிறார். ஒரு மாதத்தில் 18 லட்சம் ஐ.யு. உள்ளே போய்விடும். வைட்டமின் டி கொழுப்பில் தங்குகிற பொருள். வைட்டமின் சி போல அன்றன்றைக்குச் சிறுநீரில் கழிந்து போகாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, முதியவர்களுக்கு மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் பாதிக்கும் வரை போகும். நம் பக்கம் கடலுக்குப் போகிறவரும் உப்பளத்தில் நிற்கிறவரும் வியர்வையில் இழக்கும் நீரை முழுசாகக் குடித்து ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாக இறங்கும் உடம்பில் கூடுதல் கால்சியம் சேர்ந்தால் கல் உருவாக வழி திறந்துவிடும். பொட்டலத்தின் மேலேயே பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இவ்வளவு வெயில் இருந்துமா?

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது இந்தக் கரை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துபோகும். மார்கழி நண்பகலில் கூட நம் நிழல் ஆள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் விழும். தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவை 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர். நிழல் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் அது போதுமான அளவு தரைக்கு வருகிறது. அந்தக் கணக்கில் ராமேஸ்வரத்துக்கு வருடம் 365 நாளும் வாய்ப்பு உண்டு.

ஆனால் கதிர் தோலில் பட வேண்டும். நண்டுச் சதை பிரிக்கும் கம்பெனியில் காலையிலிருந்து மாலை வரை கூரைக்குக் கீழே உட்காரும் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. விசைப்படகில் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கும் பாதிதான் கிடைக்கும். முழுக்க மூடிய உடையில் வெளியே போகிறவர்கள், படியிறங்க முடியாத முதியவர்கள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெயில் காய்வதாக நினைப்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். காலை ஏழு மணி இளவெயிலும் இதற்கு உதவாது, நிழல் அப்போது நீளம். கருத்த தோலில் மெலனின் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடம் என்றால் நமக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். திருப்பதி வட்டாரத்து கிராம, நகர மக்களைச் சோதித்து 2007-ல் வெளியான ஆய்வு, கிராமத்தாரிடமும் டி குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டியது. உணவில் கால்சியம் குறைவாக இருப்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டியது. இது முக்கியமான விஷயம். கால்சியம் போதாத உடம்பு சேமித்த வைட்டமின் டி-யைச் சீக்கிரம் செலவழித்துவிடும். டி மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற கதைதான்.

வெயிலில் எவ்வளவு நின்றாலும் வைட்டமின் டி நஞ்சாகாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் தோலே அதை வேறு பயனற்ற பொருளாக மாற்றிவிடும். நஞ்சாவது வாய்வழியிலும் ஊசிவழியிலும் மட்டும்தான்.

சாப்பாட்டுப் பக்கம் வருவோம். மீன் தின்னும் ஊர் என்பதால் டி குறையாது என்று நம்புவது பாதிதான் சரி. கொழுப்பு மீனில்தான் டி இருக்கிறது. மத்தி, சூடை, கானாங்கெளுத்தி ஆகியவை உதவும். இறால், கணவாய், நண்டு, வெள்ளைச் சதை மீன்கள் பெரிதாக உதவாது. எண்ணெயில் அடைத்த டின் மத்திக்கு அமெரிக்க உணவுப் பட்டியல் 100 கிராமுக்குச் சுமார் 190 ஐ.யு. தருகிறது. நம் கடல் மீனில் இனத்துக்கும் பருவத்துக்கும் கொழுப்புக்கும் தக்கபடி இது ஏறி இறங்கும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 40 ஐ.யு. அளவு. பால் பாக்கெட்டிலும் எண்ணெய் பாக்கெட்டிலும் நீல நிற "+எஃப்" முத்திரை இருந்தால் செறிவூட்டியது என்று பொருள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யு., எண்ணெயில் கிராமுக்கு 0.11 முதல் 0.16 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். நாளைக்கு அரை லிட்டர் பாலும் 30 கிராம் எண்ணெயும் ஒருவர் வயிற்றுக்குள் போனால் 230 முதல் 340 ஐ.யு. வரை வந்துவிடும். அதாவது 600-ல் பாதி, தனியாக ஒரு ரூபாய் செலவில்லாமல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் குறையும் வீடுகளுக்கு இந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது நேரடியாகவே பயன் தரும்.

பெயரை முதலில் படியுங்கள்

பொடி எழுத்தில் முதலில் தேட வேண்டியது "கோலிகால்சிஃபெரால்" என்ற சொல். அதுதான் டி3. "எர்கோகால்சிஃபெரால்" என்றிருந்தால் டி2. ஈஸ்ட்டிலும் காளானிலும் புற ஊதா ஒளி பாய்ச்சி எடுப்பது. வேலை செய்யும், ஆனால் ரத்த அளவைத் தூக்கி நிறுத்துவதில் டி3 மேல்.

இந்த இரண்டும் இல்லாமல் "கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்" என்றோ "ஆல்ஃபாகால்சிடால்" என்றோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வைட்டமின் டி வயிற்றிலிருந்து கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம் அடைந்த பிறகு உருவாகும் முழு வீரியமுள்ள ஹார்மோன்தான் கால்சிட்ரியால். ஆல்ஃபாகால்சிடால் சிறுநீரகத்தின் வேலையை முன்கூட்டியே முடித்து வைத்த வடிவம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இவை உயிர்காக்கும் மருந்து. ஆனால் குறைபாட்டுக்கு இதைக் குடித்தால் உடம்பின் டி இருப்பு கூடாது. சோதனையில் எண் அப்படியே நிற்கும், ரத்தத்துக் கால்சியம் மட்டும் ஏறும். கால்சியம், துத்தநாகம், கால்சிட்ரியால் மூன்றும் சேர்ந்த மென்குளிகைகளை "எலும்புச் சத்து மாத்திரை" என்று கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அடுத்தது உரிமம். மருந்தாக வருவதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். உணவுச் சத்தாக வருவதில் 14 இலக்க உணவு உரிம எண்ணும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும் இருக்கும், தினசரித் தேவையில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கும் வேண்டும். இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். குறைபாட்டுக்குச் சிகிச்சை என்றால் மருந்து உரிமம் உள்ளதையே வாங்குங்கள். மருந்துகளை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதிரி எடுத்துச் சோதித்து, தேறாதவற்றின் பட்டியலை பேட்ச் எண்ணோடு மாதந்தோறும் இணையத்தில் போடுகிறது. 2024 ஆகஸ்ட் பட்டியலில் கால்சியம்–டி3 மாத்திரையும் இருந்தது. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பேட்ச் எண் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

எதிலிருந்து எடுத்தது

சந்தையில் உள்ள டி3-யில் பெரும்பகுதி செம்மறியாட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் லானோலின் மெழுகிலிருந்து வருகிறது. ரோமத்தைக் கழுவி எடுத்த மெழுகிலிருந்து கொலஸ்டிராலைப் பிரித்து, வேதி மாற்றம் செய்து, புற ஊதா ஒளி காட்டுகிறார்கள். ஆட்டை அறுப்பதில்லை. ஆனாலும் விலங்குவழிப் பொருள்தான். அதைச் சுற்றியிருக்கும் குளிகைத் தோல் ஜெலட்டின் என்றால் அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றில் ஒன்றின் தோல் அல்லது எலும்பிலிருந்து வந்தது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் ஹலால் பார்ப்பவர்களுக்கும், எங்கும் இருக்கும் சைவர்களுக்கும் இது நியாயமான கேள்வி. வெறும் "ஜெலட்டின்" என்று எழுதி நிறுத்தியிருந்தால் எதிலிருந்து என்று தெரியாது. ஹலால் முத்திரை, அல்லது "எச்.பி.எம்.சி." (செடிநாரிலிருந்து செய்வது), "காரஜீனன்", "மாற்றிய ஸ்டார்ச்" என்ற சொற்களைத் தேடுங்கள். பொட்டலப் பொடியிலும் நுண்மணியின் உறை ஜெலட்டினாக இருக்கலாம் என்பது பலர் நினைத்துப் பார்க்காதது.

காரஜீனன் நமக்கு அந்நியப் பொருள் அல்ல. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைக்கஸ் பாசியிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். முதலில் வளர்க்கச் சொன்ன கம்பெனியின் பெயரால் ஊரில் "பெப்சி பாசி" என்பார்களே, அதே பாசி. சைவ மென்குளிகையின் தோல் இதிலும் மாற்றிய ஸ்டார்ச்சிலும் ஆனது.

ஆனால் பாசி என்ற சொல் இன்னொரு குழப்பத்தையும் கிளப்புகிறது. விலை கூடிய சைவ டி3 டப்பாக்களில் "பாசியிலிருந்து எடுத்தது" என்று தமிழில் போடுகிறார்கள். அது கடல்பாசி அல்ல. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் லைக்கன். நம் சமையலறையில் உள்ள கல்பாசி அந்த இனக்குடும்பம்தான். அதனால் மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி காய்ச்சிய நோன்புக்காலத்துக் கடல்பாசி இனிப்பிலும் டி கிடைக்காது, பிரியாணியில் சிட்டிகை போடும் கல்பாசியை நம்பியும் கணக்குப் போட முடியாது. லைக்கனிலிருந்து ஆலையில் பிரித்து எடுத்தால்தான் உண்டு, அதனால்தான் விலையும். உடம்புக்குள் போன பின் லானோலின் டி3-யும் லைக்கன் டி3-யும் ஒரே மூலக்கூறு. கொள்கைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது உங்கள் உரிமை, கூடுதல் பலனுக்காகக் கொடுக்க வேண்டாம்.

கூடவே ஏறிக்கொள்ளும் சரக்குகள்

விலை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். கால்சியம் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அதில் 40 விழுக்காடுதான் கால்சியம், ஆக 500 மி.கி. பல மாத்திரைகளில் அது சிப்பி ஓட்டுச் சுண்ணாம்பு. கூட இருக்கும் டி3 பெரும்பாலும் 250 ஐ.யு., ஒரு நாள் தேவையில் பாதிகூட இல்லை. கால்சியம் போதாதவருக்கு நல்ல மாத்திரை, டி குறைபாட்டுக்கு மட்டும் இது மருந்தாகாது. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் போடுகிறவருக்கு சிட்ரேட் வடிவம் பொருந்தும், ஆனால் அதில் கால்சியம் 21 விழுக்காடுதான். இரும்பு மாத்திரையோடு இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரையோடு நான்கு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் ஒரே நேரத்தில் கொடுத்து இரண்டையும் வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும், 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் உள்ள கேழ்வரகும், தயிரும் சாப்பாட்டில் இருந்தால் கால்சியம் மாத்திரையின் தேவை பலருக்குக் குறைந்துவிடும்.

வைட்டமின் கே2 சேர்ப்பது இப்போது நாகரிகம். "டி3 எடுத்தால் கே2 கட்டாயம், இல்லாவிட்டால் கால்சியம் ரத்தக்குழாயில் படியும்" என்று விளம்பரம் பயமுறுத்துகிறது. 600, 1,000, 2,000 ஐ.யு. அளவில் டி எடுக்கும் சாதாரண ஆளுக்கு அப்படிக் கட்டாயம் என்று சொல்ல வலுவான சான்று இல்லை. மறுபக்கம் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு: இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுகிறவர் கே2 எடுத்தால் அந்த மருந்தின் வேலை கெடும். அவர்கள் கே2 என்ற எழுத்தைப் பார்த்தாலே வேறு டப்பாவுக்குப் போக வேண்டும்.

மக்னீசியம், போரான், துத்தநாகம், பி12 என்று நீளும் பட்டியலில் ஒவ்வொன்றும் தினத்தேவையில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். பத்துக்கும் கீழே என்றால் பெயருக்குப் போட்டது.

மீன் எண்ணெய்க் குளிகையில் இரண்டு வகை. காட் மீன் ஈரல் எண்ணெயில் கிராமுக்குச் சுமார் 100 ஐ.யு. டி இருக்கிறது. 300 மி.கி. குளிகை ஒன்றில் 30 ஐ.யு. வரும். 600 எட்ட இருபது குளிகை விழுங்க வேண்டும், அதற்குள் வைட்டமின் ஏ கணிசமாக ஏறிவிடும், கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. ஒமேகா-3 குளிகை மீன் உடம்பின் எண்ணெய், அதில் டி சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

விலையை எப்படி ஒப்பிடுவது

டப்பா விலையைப் பார்க்காதீர்கள். ஆயிரம் ஐ.யு.-வுக்கு என்ன விலை என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். 60,000 ஐ.யு. பொட்டலம் 30 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 50 காசு. 1,000 ஐ.யு. மாத்திரை அறுபது கொண்ட டப்பா 400 ரூபாய் என்றால் ஆயிரத்துக்கு 6 ரூபாய் 67 காசு. 400 ஐ.யு. உள்ள சவ்வு மிட்டாய் முப்பது, 450 ரூபாய் என்றால் மொத்தமே 12,000 ஐ.யு., ஆயிரத்துக்கு 37 ரூபாய் 50 காசு. பொட்டலத்துக்கும் மிட்டாய்க்கும் எழுபத்தைந்து மடங்கு. உங்கள் கடையின் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே கோலிகால்சிஃபெரால் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்ற கடைக்குப் போகலாம்.

மலிவு என்பதற்காக எல்லோரும் பொட்டலத்துக்கே போக வேண்டும் என்று சொல்ல முடியாது. ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பெரிய அளவை இடைவெளி விட்டுக் கொடுப்பதைவிடச் சிறிய அளவை தினமும் கொடுப்பதே மேல் என்பது அமெரிக்க உட்சுரப்பியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். அந்த நிதானத்துக்காக மாதம் கூடுதலாக இருநூறு ரூபாய் போவது நியாயமான செலவு. மிட்டாய்க்குப் போவது அப்படியல்ல. ருசிக்காகக் குழந்தை நான்கைந்தை ஒரேயடியாகத் தின்றுவிடும் என்பது வேறு.

"நானோ" என்று எழுதிய 5 மி.லி. புட்டியில் வைட்டமினை நுண்துளிகளாக நீரில் கலந்திருப்பார்கள். பித்தநீர் கோளாறு, குடல் நோய், குடல் அறுவை என்று கொழுப்பு செரிக்காதவர்களுக்கு அது உதவலாம். மற்றவர்கள் சாதாரணப் பொட்டலத்தை மதியம் மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலக்கிக் குடித்தாலே போதுமான கொழுப்பு கிடைத்துவிடும். வெறும் வயிற்றில் கறுப்புத் தேநீரோடு குடிப்பதுதான் மருந்தை வீணாக்கும் வழி.

ஊசி வேண்டாம். "ஒரே ஊசியில் வருடத்துக்குப் போதும்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஊசியானாலும் வாயானாலும், ஒரேயடியாகப் பெரிய அளவை ஏற்றுவதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு வருடம் ஒருமுறை 5,00,000 ஐ.யு. வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவில், மருந்து குடித்தவர்களே அதிகம் விழுந்தார்கள், அதிகம் எலும்பு முறிந்தார்கள். குறைபாடே இல்லாதவர் எடுத்துக்கொள்வதாலும் லாபமில்லை. 25,871 பேருக்கு நடந்த வைட்டல் ஆய்வில் தினம் 2,000 ஐ.யு. புற்றுநோய் வருவதையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை என்று 2018-லும், எலும்பு முறிவையும் குறைக்கவில்லை என்று 2022-லும் தெரிந்தது.

சோதனை செய்வதானால் "25-ஹைட்ராக்சி வைட்டமின் டி" என்று கேளுங்கள். 1,25 என்று தொடங்கும் சோதனை வேறு, இதற்குப் பயன்படாது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12-க்குக் கீழே கடுமை. முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை போடுகிறவர் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சில கருவிகளில் எண் பொய்யாகும். எட்டு வாரம் முடிந்த கையோடு மறுசோதனை வேண்டாம், தொடங்கி மூன்று மாதம் ஆகட்டும். உளைச்சல் எல்லாமே டி குறைபாடு ஆகாது. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, படியேறத் தொடை வலுவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். ரத்தசோகை, தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

உப்புக்காற்றில் மருந்து

பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் மணல் போல் ஓசை வர வேண்டும். கட்டியாக "டொக்" என்று விழுந்தால் ஈரம் புகுந்துவிட்டது, மாற்றிக் கேளுங்கள். மென்குளிகைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும், அட்டைக்குள் எண்ணெய் கசிந்திருந்தாலும், சிக்கு வாடை அடித்தாலும் அப்படியே. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டையைவிட இரண்டு பக்கமும் அலுமினியம் போட்ட அட்டை நம் ஊர்க் காற்றுக்குத் தாங்கும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் மேல் அலமாரி சித்திரையில் கொதிக்கும். அடுப்பங்கரையிலும் வைக்காதீர்கள். சுவரோரம் தரைமட்டத்தில், மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வைப்பது நல்லது. நிறைய டப்பா வாங்கி அடுக்குவதைவிட இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகம் பழுதானவர், காசநோய்க்கு மருந்து எடுப்பவர், இதய மருந்தான டிகாக்சின் அல்லது தையசைடு வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர் ஆகியோர் மருத்துவரிடம் சொல்லாமல் 60,000 பக்கம் போகக் கூடாது. வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினும் காசநோய் மாத்திரையான ரிஃபாம்பிசினும் டி அளவைக் குறைக்கும் என்பதால் இவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, கைக்குழந்தை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளைக்கு 400 ஐ.யு. சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கடையில் மில்லிலிட்டருக்கு 400 ஐ.யு. உள்ளதும் இருக்கிறது, 800 ஐ.யு. உள்ளதும் இருக்கிறது, ஒரு சொட்டிலேயே 400 ஐ.யு. உள்ளதும் இருக்கிறது. பெரியவருக்கான 60,000 ஐ.யு. நானோ புட்டியும் பார்வைக்கு இதே போலச் சின்னதாக இருக்கலாம். போன தடவை வாங்கிய கம்பெனி இல்லை என்று வேறு கொடுத்தால், பழைய சொட்டுக்குழாயைப் புதுப் புட்டியில் போடாதீர்கள். மில்லிலிட்டருக்கு எத்தனை, சொட்டுக்கு எத்தனை என்று கடைக்காரரைப் புட்டியின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரியவர் புட்டி எவர்சில்வர் டப்பாவில் ஒரு பக்கம், குழந்தையின் சொட்டு வேறு டப்பாவில் வேறு இடத்தில் இருக்கட்டும். இரவில் தூக்கக் கலக்கத்தில் கை எதை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.